பொலிஸ் நிலையத்துக்குப் போகுமுன் பதிவேடு படிக்கப் பழக வேண்டும்

சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் விருப்ப நெறிமுறையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அந்த நெறிமுறை கேட்கிறபடி தடுப்பு இடங்களைப் பார்வையிடும் பொறுப்பு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வந்தது. ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்திலேயே அதற்கு அந்த அதிகாரம் உண்டு. பார்வையிடப் போகும் ஆணைக்குழுவின் புதிய உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சியில் இந்த வரலாற்றைச் சொல்ல அரை மணித்தியாலம் போதும். மிச்ச நேரத்தைப் பொலிஸ் நிலையத்தின் கைது, தடுப்புப் பதிவேட்டுக்குக் கொடுங்கள்.

மாதிரிப் பக்கங்களைக் கையில் கொடுத்து, கைது, கூட்டில் (நிலையத் தடுப்பறையில்) அடைத்தது, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டியது, நீதவான் முன் நிறுத்தியது ஆகிய நான்கு நேரங்களையும் ஒரே வரியில் எழுதச் சொல்ல வேண்டும். பிற்பகல் 2 மணிக்குக் கைது, இரவு 9 மணிக்குப் பதிவு என்றால் இடையில் ஆள் எங்கே இருந்தார்? மூன்று நாள் பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு வெட்டுத் திருத்தம்கூட இல்லாமல் இருந்தால் ஒரே இருப்பில் எழுதியதாக இருக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகளை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தல்களின் பட்டியலோடு போய் கூட்டிலுள்ள பெயர்களை ஒப்பிடலாம். பலரும் அதை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்! கூட்டோடு திரும்பிவிடவும் கூடாது. மேல்மாடி, களஞ்சிய அறை, பின்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். வழக்குச் சான்றுப் பொருள் என்று காட்டும் இலக்கச் சீட்டு இல்லாத கம்போ குழாயோ கிடந்தால் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பேட்டியில்தான் பெரிய ஆபத்து. காயத்தோடு தெரிகிற ஒருவரை மட்டும் கூப்பிட்டால், யார் பேசியது என்று பொறுப்பதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும். கூட்டில் உள்ள எல்லோரையும், பேச விரும்பாதவரையும், ஏறக்குறைய ஒரே அளவு நேரம் தனியே நம்மோடு இருத்த வேண்டும். விடுவிக்கும் அதிகாரம் நமக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "அடித்தார்களா?" என்று தொடங்காமல், பிடித்த நேரத்திலிருந்து நடந்ததை வரிசையாகக் கேட்பது நல்லது. தமிழ் பேசுபவருக்கு நிலையக் கான்ஸ்டபிள் மொழிபெயர்க்கவே கூடாது. சிங்களத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாம் வைத்தியர் அல்ல. "அடித்ததால் வந்த காயம்" என்று எழுதாமல், இடம், சென்டிமீற்றரில் அளவு, வடிவம், காயப்பட்டவர் சொன்ன விளக்கம் என்று மட்டும் எழுத வேண்டும். கண்டலின் நிறத்தைப் பார்த்து நாள் சொல்வது நம்பத்தக்கதல்ல. அவர் சம்மதித்தால் தூரத்தில் ஒரு படம், அளவுகோல் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம். உள்ளங்காலில் அடித்த அடையாளம் சில நாட்களிலேயே மங்கிவிடும் என்பதால் சட்ட வைத்திய அதிகாரியிடம் தாமதமில்லாமல் போக வேண்டும், பரிசோதனை அறைக்குள் பொலிஸார் இல்லாமல். சித்திரவதையை ஆராய்ந்து பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை, காயம் சொன்ன விளக்கத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஐந்து நிலைகளைத் தருகிறது. அவற்றில் எது பொருந்தும் என்பதை அந்த அதிகாரிதான் முடிவு செய்வார்.

பேசியவரைப் பழிவாங்கக் கூடாது என்று முதலில் சொன்ன விருப்ப நெறிமுறையின் 21ஆம் உறுப்புரை சொல்கிறது. காகிதம் காவல் நிற்காது. ஓரிரு வாரத்தில் திரும்பப் போய் எல்லோரையும் மறுபடி பார்க்க வேண்டும். வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் அங்கேயும். அதற்கான வாகனத்தையும் நாளையும் முதல் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.