சிட்டியும் அகலும்

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்தவள் நான். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து ஏழு வருடமாகிறது. பேசுவது தமிழ்தானே, பழகிவிடும் என்று வந்தேன். முதல் கார்த்திகைக்குக் கடையில் "பத்துச் சிட்டி தாங்கோ" என்று கேட்டால் அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. கையால் காட்டியதும், "அகலா கேக்கிய?" என்றார். அன்றிரவு அம்மாவை நினைத்து அழுதேன்.

அப்புறம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தது. பிள்ளைகளோடு அகல் செய்து விற்று, முதியோர் இல்லத்துக்கு மருந்துச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று தொடங்கினோம். முதல் தடவை கிடைத்த மண்ணைப் பிசைந்து வெயிலில் காயவைத்தேன். பாதிக்கு மேல் வெடித்துப்போயின. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, தெரிந்தவர்களிடமே கேட்போம் என்று காருகுறிச்சிக்குப் போனேன். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு ஆச்சிதான் கற்றுக்கொடுத்தார். (பாட்டியை எங்கள் ஊரிலும் ஆச்சி என்போம். அந்த ஒரு சொல்லிலேயே மனசு நிறைந்துவிட்டது.) குளத்து மண்ணை மழைக்கு முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டும், ஐப்பசியில் குளம் பெருகிவிட்டால் மண் கிடைக்காது. கல் பொறுக்கி, மணல் கலந்து, காற்றுக் குமிழி இல்லாமல் மிதிக்க வேண்டும். குமிழியில் ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். "அவசரப்பட்டா மண்ணு கோவிச்சுக்கிடும்" என்பார் ஆச்சி.

அலங்காரம் பிள்ளைகளின் யோசனை. 2004-இல் ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த பானைத் துண்டு ஒன்றில், ஒரு பெண், மான், கொக்கு, முதலை எல்லாம் மண்ணை ஒட்டியே செய்யப்பட்டிருக்கின்றன. அந்தப் படத்தை வகுப்பில் காட்டினேன். உடனே எல்லோருக்கும் மான் வேண்டுமாம். ஒட்டும் இடத்தைக் குச்சியால் கீறி, குழைத்த மண்ணைத் தடவி அழுத்தினால்தான் நிற்கும். காய்ந்ததும் செம்மண் கரைசல் பூசினோம். சுட்டெடுத்தபோது வந்த சிவப்புக்கு எந்தப் பெயிண்ட்டும் ஈடில்லை.

சென்ற கார்த்திகையில் விற்பனைக்கு வைத்த முந்நூறு அகலும் விற்றுவிட்டன. புது அகலைத் தண்ணீரில் ஊறவைத்து ஏற்றினால் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது என்று வாங்கியவர்களுக்கெல்லாம் பிள்ளைகளே சொன்னார்கள். மருந்துக்கான பணத்தோடு பத்து விளக்குகளையும் இல்லத்துக்குக் கொண்டுபோனோம். வாசல் திண்ணையில் வரிசையாக ஏற்றி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைக் கூப்பிட்டான்:

"டீச்சர், ஒரு சிட்டி அணைஞ்சு போச்சு."

நான் போய் ஏற்றினேன்.