கோட்டு அலமாரிக்குள் ஓர் இரும்புப் பெட்டி

இந்த நாட்டுக்கு வந்த முதல் மூன்று வருடமும் வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும், இதில் திருட்டு அலாரத்துக்கு ஒயர் இழுப்பதாவது! ஒயர்லெஸ் செட் ஒன்றை வாங்கி ஒரு சனிக்கிழமை மதியம் நானே மாட்டினேன். கதவுச் சட்டத்தில் சென்சார், கதவில் காந்தம், இரண்டுக்கும் பின்னால் ஒட்டும் டேப். அவ்வளவுதான் வேலை.

தொல்லை என்றால் பேட்டரிதான். மூன்று முதல் ஐந்து வருடம் வரும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஆனால் நாளுக்கு இருபது தடவை திறந்து மூடும் வாசல் கதவுச் சென்சாருக்கு இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்ட முடியவில்லை. குளிர ஆரம்பித்தால் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும். அதனால் அது 'கீச்' என்று கத்த ஆரம்பித்ததும் விடிகாலை மூன்று மணிக்குத்தான்.

வீட்டைக் காலி செய்தபோது சென்சார்களை உரித்து ஒரு செருப்புப் பெட்டியில் போட்டேன். அப்போதுதான் ஸ்டோர் ரூம் ஜன்னல் சென்சார் எப்போதோ செத்துப்போயிருந்தது தெரிந்தது. அது கீச்சிட்டது யார் காதிலும் விழவில்லை. எல்லா சென்சாரையும் கவனிக்கும் மையக் கருவியான பேனலோ அத்தனை நாளும் 'எல்லாம் மூடியிருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருந்தது. மலிவான செட்டுகளில் சென்சார் பேசும், பேனல் கேட்கும். சென்சார் பேசாமல் போனால், 'ஏன் பேசவில்லை' என்று பேனல் கேட்காது. நல்ல செட்டில் ஒவ்வொரு சென்சாரும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டும். யாராவது அலைவரிசையை அடைத்தாலும் பேனல் கண்டுபிடித்துவிடும். வாங்கும்போது இதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் சொந்த வீடு. கோட்டு மாட்டும் அலமாரிக்குள், முன்பு இருந்தவர்களின் ஒயர் அலாரத்துக்கான ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. திறந்தால் நூடுல்ஸ் மாதிரி ஒயர்கள், ஒன்றில்கூடப் பெயர் எழுதவில்லை. பார்க்க வந்த டெக்னீசியன், "எல்லாம் பழசு, பிடுங்கிப் போட்டுவிட்டு ஒயர்லெஸ் வைத்துவிடலாம். அரை நாள் வேலை" என்றார். நான் தலையாட்டத் தயாராக இருந்தேன். மனைவிதான் நிறுத்தினாள். "ஏங்க, சுவத்துக்குள்ள சும்மா கிடக்கிற ஒயர் எப்படிங்க கெட்டுப்போகும்?"

நியாயமான கேள்வி. ஒயரில் மின்சாரம் ஓடுமா என்று அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டிக்குள் இருந்த 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி வயிறு உப்பி வெளியே வர மறுத்தது. அலாரம் வெளியே தகவல் சொல்வதற்கான டெலிபோன் ஒயர், வீட்டில் இல்லவே இல்லாத லேண்ட்லைனைத் தேடிப் போனது. பெட்டியில் செத்தது இந்த இரண்டும்தான். கதவுகளில் இருப்பது ரீட் ஸ்விட்ச். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள், காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். அதற்குப் பேட்டரியே தேவையில்லை. மனைவி ஒவ்வொரு கதவாகத் திறந்து மூட, நான் மீட்டரைப் பார்த்து ஒயர்களில் பெயர் ஒட்டினேன். பதினோரு ஒயர் ஜோடியில் ஒன்றுதான் அவுட். யாரோ சுவரோரப் பலகைக்கு அடித்த ஆணி அதற்குள் இறங்கியிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஜோடிக்கும் கடைசி முனையில், அதாவது சென்சார் பக்கத்தில், ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்சார ஓட்டத்தைக் குறைக்கும் சின்னப் பாகம், இருக்க வேண்டும். வழியில் யாராவது ஒயரை வெட்டினாலும், இரண்டையும் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்கு அளவு மாறிவிடும். பழைய ஆள் எல்லா ரெசிஸ்டரையும் பெட்டிக்குள்ளேயே மாட்டியிருந்தார். வெட்டினால் தெரியும், முறுக்கினால் தெரியாது. ஒயர் அலாரம் என்றாலே உறுதி என்று நம்புகிறவர்கள் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

கடைசியில் ஒயர்களை அப்படியே விட்டுவிட்டேன். ரெசிஸ்டர்களை முனைகளுக்கு மாற்றினேன். பழைய ஒயர்களைப் புதிய பேனலோடு பேசவைக்கும் ஒரு மாட்யூலைப் பெட்டிக்குள் பொருத்தினோம். வெளியே தகவல் அனுப்ப வைஃபை, அது போனால் சிம் கார்டு. ஒயர் போகாத கராஜ் பக்கக் கதவுக்கு மட்டும் ஒயர்லெஸ். சொந்த வீடு, சுவருக்குள் ஏற்கெனவே ஒயர் இருக்கிறது என்றால் அதைப் பிடுங்குவது வீண் என்பேன். வாடகை வீடு, அல்லது ஒயரே இல்லாத வீடு என்றால் யோசிக்காமல் ஒயர்லெஸ்தான்.

எதை மாட்டினாலும் மனிதத் தவறுக்கு மருந்து கிடையாது. அப்பா வந்திருந்த முதல் வாரம், தூக்கக் கலக்கத்தில் 'வீட்டில் இருக்கிறோம்' என்ற பட்டனுக்குப் பதில் 'வெளியே போகிறோம்' பட்டனை அழுத்திவிட்டேன். முதல் பட்டனில் கதவு ஜன்னல்கள் மட்டும் விழித்திருக்கும். இரண்டாவதில், ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் ஹால் மோஷன் சென்சாரும் சேர்ந்துகொள்ளும். நாலு மணிக்கு அப்பா தண்ணீர் குடிக்க இறங்கினார். வாசல் வழியாக வருகிறவருக்கு அலாரத்தை நிறுத்தும் ரகசிய எண்ணை அழுத்த 30 விநாடி உண்டு. மாடியிலிருந்து வருகிறவருக்கு அதுவும் கிடையாது. சைரன் அலறியது. பக்கத்து வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நான் ஓடி வந்து ரகசிய எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவதில் நிறுத்தினேன். அப்பா டம்ளரோடு நின்ற இடத்திலேயே நின்றார். "நான் ஒண்ணையும் தொடலப்பா" என்றார்.

இப்போதெல்லாம் மாடிப்படி முனையில் நின்று, கீபேடில் எந்த விளக்கு எரிகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்.