குரங்கும் முதலையும் மேடையேறும்போது

பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் வரும் குரங்கு-முதலைக் கதையைச் சொல்ல 3 நிமிடம் போதும். அதைச் சிங்கப்பூரில் தொடக்கநிலை 3 (மூன்றாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு 12 நிமிட நாடகமாக்கும்போது, நாவல் மரம், நட்பு, முதலை மனைவியின் ஆசை என்று கதைசொல்லியே பாதி நேரத்தைத் தின்றுவிடுவார். நடு ஆற்றுக் காட்சி அரை நிமிடத்தில் முடிந்துபோகும். கதையின் உயிரே அங்கேதான்.

"உன் இதயத்தைத் தின்னத்தான் கூட்டிட்டுப் போறோம்" என்று முதலை சொன்னதும் குரங்கு சட்டென்று பதில் சொல்லக்கூடாது. வசனம் மறந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் முந்துவார்கள். "மனசுக்குள்ள நாலு எண்ணு" என்றால் தலையை ஆட்டி ஆட்டி எண்ணுவார்கள்! அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுக்கலாம்: இந்தக் கரையைப் பார், அந்தக் கரையைப் பார், பிறகு தண்ணீரைப் பார். அரங்கம் தானாக அடங்கும்.

ஆற்றுக்கு 6 மீட்டர் நீல ஷிஃபான் துணி, முனைக்கு இரண்டு பேர். சாட்டின் பளபளக்கும், ஆனால் கனம். சின்னக் கைகள் சோர்ந்ததும் ஆறு வற்றிவிடும். குரங்கை முதுகில் ஏற்றவே வேண்டாம். முதலை குனிந்து நடக்க, அதன் தோளைப் பிடித்து நுனிக்காலில் எம்பி எம்பி வந்தாலே சவாரிதான்.

முழு முகமூடி குரலை விழுங்கும், ஒலிவாங்கியில் உரசும். நெற்றிக்கு மேல் நிற்கும் தொப்பி நல்லது. முதலையின் மூக்கு மிக நீண்டால் எடை முன்னே இழுத்துக் கண்ணை மறைக்கும். பின்பக்கம் துணியில் தைத்த வால் ஒன்றைத் தொங்கவிட்டால் சமன்படும். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் முதலை பார்த்த பிள்ளைகளுக்கு அது அசையாமல் கிடக்கும் என்று தெரியும். கையை வீசி உறுமுவதைவிட அந்த அசையாமைதான் பயமுறுத்தும்.

வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் இங்கே அதிகம். அதனால் வசனம் பேச்சுத் தமிழில், மூச்சுக்கு ஐந்தாறு சொல். எழுத்துத் தமிழ் கதைசொல்லிக்கு மட்டும். வசனமில்லாதவர்கள் மரமாக நின்று "பழம், பழம், நாவப்பழம்" என்று கிளையாட்டட்டும். ழகரத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நாவலை ரம்புத்தானாக மாற்றலாமா? மாற்றினால் ஊதா நாக்கு போய்விடும். முதலை வீடு திரும்பி வாயைத் திறக்க, உள்ளே ஊதா ஃபெல்ட் நாக்கு தொங்க, மனைவி ரகசியத்தைக் கண்டுபிடிக்கும் இடத்தில் ஒரு பக்க வசனம் மிச்சம்.

கடைசியில் வரிசையாக நின்று நீதி ஒப்பிப்பதை வெட்டிவிடுங்கள். குரங்கு மரமேறியதும் ஒரு பழத்தைப் பறிக்கும், கீழே பார்க்கும், போடாது. அதோடு விளக்கு அணையட்டும்.