கார் வந்து சேர்ந்தது, சாவி வரவில்லை

ஆடி மாசம் அந்தியூர்ப் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சாமி கும்பிட்டது கால் மணி நேரம், குதிரைச் சந்தையில் சுற்றியது மூன்று மணி நேரம். அம்மாவுக்குக் கால் வலி வந்துவிட்டது. வண்டியில் உட்காரவைத்து, என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுவிட்டு, பொரி கடலை வாங்க இறங்கினேன். கதவைச் சாத்தியதும் வண்டி மூன்று முறை கீச்சென்று கத்தியது. சாவியைச் செருகாமல், பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாலே கிளம்பும் வண்டி இது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, என்ஜின் ஓடும்போது சாவி வெளியே போகிறது, அதனால் கத்துகிறது. பழகிய சத்தம்தான்.

திரும்பி வந்து ஏறியபோது டேஷ்போர்டில் ஒரு சாவிப் படம் மஞ்சளாக விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கும் அவசரத்தில் அதை நான் பொருட்படுத்தவில்லை. பவானி, ஈரோடு தாண்டி அரச்சலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வேப்பமரத்தடியில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கதவு பூட்டவில்லை. சட்டைப் பையில் கையை விட்டேன். பொரிக்காரம்மா கொடுத்த சில்லறை இருந்தது. சாவி இல்லை. பொரி மூட்டைக்குக் குனிந்தபோதே விழுந்திருக்க வேண்டும்.

மறுபடி ஏறி பட்டனை அழுத்தினேன். சாவி இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொண்டது. ஐம்பது கிலோமீட்டர் சமத்தாக ஓடிவந்த வண்டி, ஒரு தடவை அணைத்ததும் நீ யாரென்றே தெரியாது என்றுவிட்டது. ஏன் அவ்வளவு தூரம் ஓடியது என்று அப்புறம்தான் விசாரித்தேன். ஓடும்போது சாவியின் பேட்டரி தீர்ந்து, அதனால் என்ஜின் நின்றுபோனால் நடுரோட்டில் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த மாதிரி வண்டிகள் கிளம்பும்போது மட்டும்தான் சாவியைக் கேட்கும். ஓடத் தொடங்கிவிட்டால் கத்துமே தவிர நிற்காது.

"இன்னொரு சாவி இருக்குமல்லோ கண்ணு?" என்றார் அம்மா. இல்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் பழைய வண்டியாக வாங்கியது. விற்றவர், "இன்னொண்ணு ஊட்ல எங்கியோ கெடக்குதுங்க, தேடிக் குடுத்தர்றேன்" என்றார். இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன், அப்புறம் நானும் விட்டுவிட்டேன். ஒரே ஒரு சாவி கையில் இருந்திருந்தாலும் செலவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருக்கும் என்று பின்னால் தெரிந்தபோது அவர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பஸ் ஏறி அந்தியூர் போனேன். வைக்கோலும் சாணமும் காகிதமுமாகக் கிடந்த அந்த மைதானத்தில் கறுப்புச் சாவி ஒன்றைத் தேடுவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைக்காரர்களிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஈரோட்டில் டூப்ளிகேட் சாவி போடும் ஒருவரிடம் கேட்டேன். "அண்ணா, கம்பி அறுக்கறதுக்கு அஞ்சு நிமிசம் போதும். உள்ள இருக்கற சிப்புக்குத்தான் காசு," என்றார். ஒரு சாவி கையில் இருந்தால் இரண்டாவதைப் பதிவது சுலபமாம். எல்லாச் சாவியும் போய்விட்டால் வண்டியின் பாதுகாப்புக் குறியீட்டை எடுக்க வேண்டும். சில மாடல்களுக்கு டேஷ்போர்டைப் பிரித்து உள்ளே இருக்கும் பெட்டியைக் கழற்ற வேண்டியும் வரும். கம்பெனி சொன்னதில் பாதி விலைக்குச் செய்கிறேன் என்றார். தெரிந்த மனிதர்தான், பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் டேஷ்போர்டைப் பிரிப்பது என்றதும் எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்ட காகிதங்கள்: ஆர்.சி. புத்தகம், ஆதார், இன்சூரன்ஸ், ஒரு கடிதம், சாவி தொலைந்ததற்கான போலீஸ் ரசீது. ஆர்.சி. வண்டிக்குள்ளேயே இருந்தது, வண்டி பூட்டாமல் கிடந்ததில் அந்த ஒரு நன்மை. வாங்கியவுடனே 29, 30 படிவங்களைக் கொடுத்து பேர் மாற்றியிருந்தேன். இல்லாவிட்டால் பழைய ஓனரை அழைத்துக்கொண்டு அலைந்திருக்க வேண்டும். போலீஸ் விசயத்தில் ஒன்று: சாவி தொலைந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கேதான் மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் அந்தியூர். மனுவை வாங்கிக்கொண்டு, அது பதிவானதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுத்தார்கள். நமக்கு அந்த ரசீது போதும், எப்.ஐ.ஆர். தேவைப்படவில்லை. சாவி தொலைந்தால் பணம் தரும் கூடுதல் காப்பீடு என்று ஒன்று இருக்கிறதாம், என் பாலிசியில் அது இல்லை.

அடுத்த சிக்கல், சர்வீஸ் சென்டரில் "வண்டிய இங்க கொண்டு வந்துருங்க" என்றது. எங்கள் தோட்டத்துக்கு வருவது இட்டேரி வழியாக. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. கார் உரசாமல் வருவதே பாடு; ரெக்கவரி லாரி திரும்பக்கூட இடமில்லை. பூட்டிய ஸ்டீயரிங்கோடு தள்ளிக்கொண்டும் போக முடியாது. இட்டேரியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், தனியாக 1,200 ரூபாய் கொடுத்தால் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

சேசிஸ் நம்பரை வைத்துச் சாவி ஆர்டர் போட்டார்கள். சாவி ஒன்று 9,400 ரூபாய். வண்டி கற்றுக்கொடுத்த பாடத்தில் இரண்டு வாங்கினேன். பதிவு செய்ய 2,500. ஆக மொத்தம் 22,500 ரூபாய், பதினோரு நாள் காத்திருப்பு. அந்தப் பதினோரு நாளும் பூட்டாத வண்டிக்குக் காவலாக வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தேன்.

பதினோராம் நாள் இரண்டு தம்பிகள் பைக்கில் வந்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் செருகினார்கள். இத்தனை நாள் நின்றதில் பேட்டரி இறங்கியிருந்தது. பதியும்போது பாதியில் மின்சாரம் குறைந்தால் வம்பு என்று டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டோம். கருவி கம்பெனி சர்வரோடு பேச வேண்டும். எங்கள் தோட்டத்தில் டவர் கிடைக்காது. கடைசியில் போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு வேப்பங்கிளையில் தொங்கவிட்டு ஹாட்ஸ்பாட் எடுத்தோம்.

காத்திருந்த நேரத்தில் பெரிய தம்பி விளக்கினார். "பட்டன அமுக்குனா வண்டி மொதல்ல மெதுவா ஒரு சத்தம் குடுக்கும்ங்ணா, நம்ம காதுக்குக் கேக்காது. பக்கத்துல இருக்கற சாவிக்கு மட்டுந்தான் எட்டும். சாவி முழிச்சுட்டுப் பதில் சொல்லும். ஒவ்வொரு தடவையும் பதில் மாறும்." சத்தம் என்று அவர் சொன்னது ரேடியோ அலையை. வண்டி கூப்பிடுவது 125 கிலோஹெர்ட்ஸ், சாவி பதில் சொல்வது 433 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பதிலுக்குத்தான் சாவிக்குள் சி.ஆர். 2032 என்ற மூன்று வோல்ட் வில்லை பேட்டரி. அது தீர்ந்துபோனாலும் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பும், உள்ளே இருக்கும் சிப்புக்கு வண்டியே சக்தி கொடுத்துவிடும். இந்தப் பேச்சை இரண்டு கருவி வைத்து நீட்டித்து, வீட்டுக்குள் இருக்கும் சாவியையே பதில் சொல்ல வைத்து வண்டி திருடுகிறவர்களும் உண்டாம். அதனால் சாவியை இரும்பு டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னார். இப்போது எங்கள் வீட்டில் அது பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

கருவியின் திரையில், பதிந்த சாவி ஒன்று என்று காட்டியது. அது தொலைந்த சாவி. அதை அழித்துவிட்டு, புதுச் சாவிகளை ஒவ்வொன்றாகப் பட்டனுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். பதிந்த சாவி இரண்டு என்று வந்ததை நானே பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பழைய சாவி இனி வண்டியைக் கிளப்பாது. ஆனால் அதற்குள் செருகி வைத்த இரும்புச் சாவி கதவைத் திறக்கும், அது வேண்டாமென்றால் பூட்டுச் செட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தியூரிலிருந்து போன். பொரிக்காரம்மா. "ஏனுங்க, சாவி ஒண்ணு சாக்குக்கடியில கெடந்துச்சுங்க." ஈரோடு வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். இருநூறு ரூபாய் அனுப்பினேன், வாங்க மறுத்து, அடுத்த வருசம் வந்து பொரி வாங்குங்க என்றார்.

அம்மாவிடம் காட்டுவதற்காக, புதுச் சாவியால் வண்டியைப் பூட்டிவிட்டு, பழையதற்குள் இருந்த இரும்புச் சாவியை எடுத்துக் கதவில் போட்டுத் திருப்பினேன். திறந்தது. திறந்த மறு நொடி அலாரம் அடித்த அடியில், பட்டியில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் வரைக்கும் ஓடிவிட்டது.