அரிவாள்மனை: ஒருவழியாகத் துவைச்சல் சரிவந்தது

மனைக்கட்டை இன்னும் தயாராகவில்லை. தகட்டை மட்டும் வைஸில் கவ்வவைத்து, நின்றபடியே வெண்டைக்காய் அரிந்து பார்த்தேன். அடுத்து வெங்காயம். அப்புறம் தைரியம் வந்து ஒரு பூசணிக்காயையே பத்தையாகப் பிளந்தேன். வெட்டும் வாய் மடங்கவில்லை, உதிரவும் இல்லை. துவைச்சல், அதாவது இரும்பைச் சிவக்கக் காய்ச்சி முக்கி விறைப்பேற்றி, பிறகு அந்த விறைப்பைக் கொஞ்சம் இறக்குவது, ஒருவழியாகக் கைவந்துவிட்டது. இத்தனை நாள் இரும்போடு மல்லுக்கட்டியதற்கு இந்தப் பூசணி ஒன்று போதும். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலை, ஊதுவது, குறடு இதெல்லாம் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தெரிந்ததுதான், தாண்டிப் போகிறேன். சரக்கு, சின்னச் சரக்கு வண்டியின் ஸ்பிரிங் பட்டை. லாரிப் பட்டை வேண்டவே வேண்டாம். அந்தத் தடிமனை ஒற்றை ஆளாகச் சம்மட்டி பிடித்து மெலியவைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இந்தப் பட்டைகள் பெரும்பாலும் இஎன்45 என்ற ஸ்பிரிங் எஃகு அல்லது அதற்கு நெருங்கிய வகை. கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், சிலிக்கன் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை. இந்த சிலிக்கனைப் பற்றிப் பின்னால் புலம்ப வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு புலம்பல். நான் பட்டை வாங்கிய ஒரு பழைய இரும்புக் கடையில் "வண்டி அதிகம் ஓடாதது, புதுசு மாதிரி" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து டீசல் தடவி ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடி தூவினால், நடுத்துளையிலிருந்து விளிம்பு வரை மயிரிழையாக ஒரு கோடு கசிந்து தெரிகிறது. பாரம் சுமந்து சுமந்து களைத்துப்போன பட்டை. இப்போதெல்லாம் டீசல் பாட்டிலும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டுதான் கடைக்கே போகிறேன். கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

எங்கள் வீட்டுப் பழைய மனையின் வாய் உள்வளைவு. அதே அச்சில்தான் செய்ய ஆசை. இதில் ஒரு சிக்கல். விளிம்பை அடித்து மெலியவைக்க மெலியவைக்க அந்தப் பக்கம் நீள்கிறது, தகடு முதுகுப் பக்கமாக வளைந்து போகிறது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதனால் முதலில் பட்டையைத் தேவைக்கு மேலேயே உள்பக்கம் வளைத்துவிட்டு, பிறகு வாயை மெலிய அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க அதுவாகவே நிமிர்ந்து வேண்டிய வளைவுக்கு வந்து நிற்கும். எவ்வளவு கூடுதலாக வளைப்பது என்பதற்குக் கணக்கு கிடையாது. சிவப்பு மங்கியதும் அடியை நிறுத்திவிடுவது முக்கியம். ஆறிய ஸ்பிரிங் இரும்பின் மேல் அடி விழுந்தால் உள்ளே விரிசல் ஆரம்பித்துவிடும், அது துவைச்சலில்தான் பல்லைக் காட்டும்.

இனி துவைச்சல். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் இறக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இரும்பு காந்தத்தை மறப்பது சுமார் 770 டிகிரியில். சாதாரணக் கார்பன் எஃகுக்கு அதிலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினால் போதும். ஆனால் சிலிக்கன் உள்ள ஸ்பிரிங் பட்டைக்கு அந்த "கொஞ்சம்" பெரிசு. உள்ளே இரும்பின் கட்டமைப்பு முழுசாக மாறுவதற்கு அதற்கும் மேலே போக வேண்டும், 870 டிகிரிக்குக் குறையாமல் வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை மட்டும் நம்பி இறக்கிய தகட்டில் விறைத்த இடத்தில் அரம் வழுக்கும், விறைக்காத அடுத்த விரற்கடையில் கடிக்கும்.

காந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் காந்தம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. அதைக் கஞ்சமலை அடிவாரத்து ஓடை மணலில் ஒருமுறை துழாவிப் பார்த்தால் கருப்பு மணல் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. மலையே மேக்னடைட், காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை போட்டபோது தாது இந்தச் சேலத்துப் பக்கத்திலிருந்துதான் போனது. அவரைப் படுத்தியது கரித் தட்டுப்பாடு. என்னையும் அதேதான் படுத்துகிறது, கீழே சொல்கிறேன். அந்த மணலை உருக்கி ஒரு கைப்பிடி இரும்பாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நப்பாசை இருக்கிறது. வேறு ஒரு நாள்.

சரி, சூட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? இருட்டில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் எல்லாச் சிவப்பும் மங்கலாகத் தெரியும், போதவில்லை என்று ஊதிக்கொண்டே போய் மெல்லிய வாயைக் கருக்கிவிடுவோம். நான் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல்தான் இந்த வேலைக்கு உட்காருகிறேன். கரிக்குள்ளிருந்து தகட்டை இழுத்து இழுத்துப் பார்க்கும்போது, சிவந்த இரும்புக்குள் ஒரு கருநிழல் தெரியும். வாய்ப் பக்கம் பளிச்சென்று இருக்கும், முதுகை ஒட்டி அந்த நிழல் மெல்ல நகரும், மேகத்தின் நிழல் சேர்வராயன் சரிவில் நகர்கிற மாதிரி. கட்டமைப்பு மாறும்போது இரும்பு சூட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது, நிறம் ஏறாமல் அந்த இடம் பின்தங்குகிறது, அதுதான் நிழல். முதுகில் கடைசிப் பொட்டு நிழலும் மறைந்த பிறகு, இன்னும் ஒரு சாயல் ஏறவிட்டு எடுக்க வேண்டும். இதைப் பார்க்கப் பழகியபின் காந்தம் ஆணி பொறுக்கத்தான் பயன்படுகிறது.

அதற்கு முன்னாலேயே தகட்டை இரண்டு மூன்று தடவை அதே சூட்டுக்கு ஏற்றி, அசையாமல் தொங்கவிட்டுக் காற்றிலேயே ஆறவைத்துவிட வேண்டும். அடித்தபோது உள்ளே ஏறிய முறுக்கு அப்போதுதான் இறங்கும். இதைச் செய்யாத தகடு எண்ணெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

எண்ணெய், தவிட்டெண்ணெய். சீக்கிரம் தீப்பிடிக்காது, பழைய எஞ்சின் ஆயிலின் நாற்றமும் கிடையாது. ஒரு துண்டு இரும்பைச் சிவக்கக் காய்ச்சி உள்ளே போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு மேலே கொஞ்சம் கொண்டுவந்துவிடுகிறேன். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடுவதால் இரும்பைச் சீராகக் குளிர்விக்கிறது. தகரப் பெட்டிக்கு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும், தீ எழும்பினால் மூடிவிடலாம். வாய்ப் பக்கம் இரண்டு விரற்கடை மட்டும் முதலில் முங்கும்படி இறக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து, முதுகில் சிவப்பு அணைந்ததும் முழுசாக உள்ளே. வெளியே எடுத்ததும் சில நொடிகள் இரும்பு இன்னும் பேச்சு கேட்கும். லேசாகக் கோணியிருந்தால் அந்த இடைவெளியில் கையுறையோடு வைஸில் வைத்து நிமிர்த்திவிடலாம். அதற்குப் பிறகு கை வைத்தால் கண்ணாடிதான்.

இப்போது அரம் வழுக்குகிறது, ஆனால் தகடு கீழே விழுந்தால் இரண்டு துண்டு. இந்த விறைப்பை எவ்வளவு இறக்குவது என்பதில்தான் நானும் இணையத்து வீடியோக்காரர்களும் பிரிகிறோம். அவர்கள் சமையல் அவனில் 200 டிகிரி வைத்து எடுத்துவிடுகிறார்கள். சமையல் கத்திக்கு அது சரி. தாரமங்கலம் போகிற வழியில் இன்னும் உலை எரிகிற ஒரு பட்டறை உண்டு. அங்கே இருக்கும் ஆசாரி ஐயா என் பழைய தகட்டின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கத்தி வேற, அருவாமனை வேற தம்பி. கத்தி கைக்கு வளைஞ்சு போயிரும். இது நட்டுவெச்ச எடத்துல நிக்குது, தேங்கா, பூசணி எல்லாம் இது மேல வந்து மோதுது. ரொம்ப வெறப்பா வெச்சீங்கன்னா பல்லு பல்லா உதுந்துரும். மொக்கையானா கல்லுல ரெண்டு இழு இழுத்துக்கலாம், உதுந்ததுக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் வாயை மட்டும் தண்ணீரில் காட்டுவார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்கி வரும்போது உடைந்த சாணைக்கல்லால் பரபரவென்று தேய்த்துப் பளபளப்பாக்கி, நிறம் ஓடிவருவதைப் பார்த்து, வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஸ்பிரிங் பட்டையை நான் தண்ணீரில் விடத் துணியமாட்டேன், "டிங்" என்று கேட்டால் முடிந்தது கதை. எண்ணெயில் ஆறிய பிறகு முதுகில் அவ்வளவு சூடு மிச்சமிருப்பதும் இல்லை.

அதனால் என் வழி இது. தகட்டை இரு பக்கமும் உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்துவிடுகிறேன். தடித்த இரும்புக் கட்டை ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, அதன் மேல் தகட்டின் முதுகை மட்டும் ஒட்டிவைத்து, மெதுவாக இப்படியும் அப்படியும் நகர்த்துகிறேன். முதுகிலிருந்து நிறங்கள் வரிசையாகக் கிளம்பும்: வைக்கோல், பழுப்பு, கத்தரிப்பூ, மயில்கழுத்து. வைக்கோல் நிறம் 220, 230 டிகிரி வாக்கில், நீலம் 300 வாக்கில். வில்லங்கம் செய்வது நுனி. மெலிந்திருப்பதால் நடுவயிறு வைக்கோலுக்கு வருவதற்குள் நுனி நீலத்துக்கு ஓடிவிடப் பார்க்கும். ஈரத்துணியை நுனியில் சுற்றிவைத்தேன், அடங்கியது. வாய் முழுக்கப் பழுப்பு தாண்டிக் கத்தரிப்பூ தொடும்போது எடுத்து எண்ணெய். முதுகு நல்ல நீலம். பூசணியிடம் நின்றது இந்தத் தகடுதான்.

அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "வாழைக்காய் கருக்குதே" என்கிறார். இரும்பென்றால் கருக்கத்தான் செய்யும், மோர்த்தண்ணீரில் போடுங்கள் என்றேன். இரும்பாலை இருக்கிற ஊரில், ஸ்டெயின்லெஸ் தகடே இங்கே உருளும்போது, துருப்பிடிக்கிற அரிவாள்மனை எதற்கு என்பது அப்பாவின் கேள்வி. பதில் சொல்லாமல் நல்லெண்ணெய் தடவித் தொங்கவிட்டிருக்கிறேன்.

கரி விஷயம். சீமைக்கருவேலக் கரி மலிவு, ஆனால் பொறி பறக்கிறது, மூட்டைக்கு அடியில் மண்ணும் தூளும். தேங்காய்த் தொட்டிக் கரி அடங்கி எரியும், சூடும் அபாரம், விலைதான் கையைக் கடிக்கிறது. அடித்து நீட்டும்போது முன்னது, துவைச்சலுக்குப் பின்னது என்று பிரித்துக்கொண்டேன். உலைக்குள் பதிக்கத் தீச்செங்கல் உடைசல் கிடைத்தால் விடாதீர்கள். நம்ம ஊர் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தான் எஃகு உலைகளுக்குள் செங்கல்லாகப் போகிறது. இரும்பை நெருப்பில் ஒட்டவைக்கும்போது தூவும் வெண்காரத்துக்கு ஆன்லைனில் அலைய வேண்டாம், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கிளை கழிக்க ஒரு கவாத்துக் கத்தி கேட்டிருக்கிறார். கூலியாகக் காய்ந்த பலாப் பலகை தருவதாகப் பேச்சு. சில்வர் ஓக் வேண்டுமா என்றார், அது மனைக்கு லேசு, தகட்டின் காம்பு ஆட ஆரம்பித்துவிடும். பலாவே வரட்டும். குப்பனூர் வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போய் எடுத்துவர வேண்டும்.

நுனியில் தேங்காய் துருவும் பல் தகடு இன்னும் பாக்கி. தனி வட்டத் தகடு செய்து வெண்காரம் போட்டு நெருப்பிலேயே ஒட்டலாம் என்றிருக்கிறேன், துவைச்சல் போட்ட வாயைக் கெடுக்காமல் அதை எப்படிச் செய்வது என்பதுதான் தலைவலி. ஆணி அறைந்து முறுக்கிவிடுவது சுலபம், பழைய மனையில் அப்படித்தான் இருக்கிறது. பல் வெட்ட முக்கோண அரம் வாங்கியாகிவிட்டது. பல்லுக்குத் துவைச்சல் போடுவதா, அரத்தாலேயே தீட்டிக்கொள்ளும்படி மெத்தென்று விட்டுவிடுவதா? போட்டுப் பார்த்தவர்கள் எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.