மனாகிஷ்: மாவு படுத்தவில்லை, ஸாத்தர்தான் படுத்தியது

மனாகிஷ் என்கிற லெபனான் தட்டை ரொட்டியை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரைக் கிலோ மைதா, 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 7 கிராம் ஈஸ்ட், உப்பு, துளி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். பிசைந்து மூடி வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காக உப்பிவிடும். ஆறு உருண்டை வரும். பரோட்டாவுக்குப் பிசைந்து பழகிய கைக்கு இது பெரிய வேலையே இல்லை.

என்னைப் படுத்தியெடுத்தது மேலே பூசுகிற ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி. பெய்ரூத்தில் இருந்துகொண்டு மட்டமான ஸாத்தர் கிடைக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பக்கத்துக் கடையில் பளிச்சென்ற பச்சை நிறத்தில் ஒரு பாக்கெட். "இதுதான் முதல் தரம்" என்று கடைக்காரர் கையில் திணித்தார். ஆலிவ் எண்ணெய் விட்டதும் களிம்பு போல இறுகிவிட்டது. இன்னும் ஊற்றினால் அதையும் குடித்துவிட்டு அப்படியே நிற்கிறது. சுட்டு வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு, இலையின் வாசனை கொஞ்சமும் இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் காரணம் இருந்தது: வறுத்த கோதுமை, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). திரும்பக் கொண்டுபோனேன். "பிரித்ததை எடுக்க மாட்டோம், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று முகம் பார்க்காமலே பதில். 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த மனாகிஷுக்கு அதன் சொந்த நாட்டிலேயே இந்தக் கதி! எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்ல ஸாத்தரில் அடிப்படை நான்கே பொருள்கள்: காய்ந்த ஸாத்தர் இலை (ஓரிகானோ போன்ற மூலிகை), சுமாக் என்ற புளிப்பான சிவப்புப் பழப்பொடி, வறுத்த எள், உப்பு. புளிப்பு சுமாக்கிலிருந்துதான் வர வேண்டும். வாங்கும்முன் ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மணம் உடனே மூக்கில் ஏற வேண்டும், கையில் மாவு ஒட்டக் கூடாது. அப்புறம் சந்தையில் ஒரு தெற்கு லெபனான் பாட்டியிடம் சில்லறையாக வாங்கினேன். விலை கூடுதல்தான். ஆனால் எண்ணெயில் குழைத்தவுடன் சமையலறை முழுக்க மணந்தது. ஒரு பங்கு பொடிக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக எண்ணெய். கரண்டியிலிருந்து தானாக வழிய வேண்டும், அதுதான் பதம்.

அடுத்த தொல்லை மின்சாரம். இங்கே அரசு மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். மற்ற நேரத்துக்குத் தெரு ஜெனரேட்டர் சந்தாதான். எங்களுக்கு 5 ஆம்பியர், அதில் மின்சார ஓவன் ஓடவே ஓடாது. 250 டிகிரியில் ட்ரே நன்றாகக் காய்ந்து, வட்டங்களில் ஸாத்தர் பூசப்போன நேரத்தில் அரசு மின்சாரம் போனது. ஜெனரேட்டர்காரரைக் கேட்டால் "பெரிய சந்தாவுக்கு மாறுங்கள்" என்கிறார். மாவோ பொங்கிக்கொண்டிருக்கிறது.

கைகொடுத்தது கேஸ் அடுப்பும் இரும்புத் தோசைக்கல்லும். இந்த ஊரிலேயே ஸாஜ் என்ற கவிழ்ந்த இரும்புச் சட்டியில் அடிச்சூட்டில் மட்டும் சுடுகிற வழக்கம் உண்டு, அதனால் இது ஒன்றும் குறுக்கு வழி இல்லை. வட்டத்தை இன்னும் மெல்லியதாக இழுத்துக் கல்லில் போட்டு, விரல் நுனியால் அழுத்திக் குழிகள் வைத்து, ஸாத்தரைப் பரப்பி மூடினேன். குழி இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பி எண்ணெய் வழிந்துவிடும். அடி பொன்னிறமாகி, மேலே எண்ணெய் சலசலத்ததும் எடுத்து மடித்தாயிற்று. ஸாத்தர் கருகவில்லை, கசக்கவில்லை. தக்காளி, வெள்ளரி, புதினா உள்ளே வைத்துச் சாப்பிட்டபோது காலையிலிருந்து பட்ட எரிச்சலெல்லாம் போய்விட்டது.

ஸாத்தருக்குப் பதில் அக்காவி என்ற உப்பான வெள்ளைச் சீஸ் போடுவதாக இருந்தால் முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

ஓவனும் கேஸும் இரண்டுமே கைவிட்டால், குழைத்த ஸாத்தரைக் கிண்ணத்தோடு தெருமுனை ஃபுர்னுக்கு, அதாவது ரொட்டி சுடும் கடைக்கு, எடுத்துப் போங்கள். வீட்டு ஸாத்தரை அவர்கள் மாவில் பூசிச் சுட்டு வாங்குவது இங்கே பழைய வழக்கம். எங்கள் தெரு ஃபுர்னில் மாவுக்கும் சுடுகூலிக்கும் மட்டும்தான் காசு வாங்கினார்கள்.