சமாதானத்துக்குக் கெட்டிக் கொடுத்த ராணி

எங்கள் ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு செம்புச் சக்கரம் கிடந்தது. திருவிதாங்கூர் காலத்துக் காசு. ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் ராமவர்மா மகாராஜாவின் பெயருக்காக ஆர், வி என்று இரண்டு எழுத்துகள் பின்னிக்கிடக்கும். சுண்ணாம்பு அப்பி சங்கு பாதி மறைந்திருக்கும், சின்ன வயதில் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பேன். ஆச்சி போன பிறகு அது என்னிடம் வந்தது. அப்புறம் பழங்காசுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் மார்கரெட்டாவிடம் வந்து நின்றேன்.

இங்கே என்ற பெயருடைய சுவீடன் அரசரின் மகள். அப்பாவுக்கும் நார்வே அரசர் மாக்னுஸுக்கும் எல்லைச் சண்டை. 1101-இல் டென்மார்க் அரசர் எரிக்கும் சேர்ந்து மூன்று பேரும் கோங்ஹெல்லா என்ற ஊரில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள், தீர்த்ததில் ஒரு பேச்சு மார்கரெட்டாவை மாக்னுஸுக்குக் கொடுப்பது. அதிலிருந்து அவள் பெயரே ஃப்ரெட்குல்லா ஆகிவிட்டது, சமாதானப் பெண் என்று அர்த்தம்.

இதைப் படித்ததும் எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. பூதப்பாண்டிப் பக்கம் இரண்டு வீட்டுக்கு நடுவில் வாய்க்கால் தகராறு, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "என்னைக் கெட்டிக் குடுத்த பொறவுதான் மடை தெறந்துது மக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், பாக்கை வெட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

மாக்னுஸ் 1103-இல் அயர்லாந்தில் சண்டையில் செத்துப்போனார். பிள்ளை இல்லை. மார்கரெட்டா கிளம்பிவிட்டாள், பிறகு டென்மார்க் அரசர் நீல்ஸைக் கட்டினாள். ஏட்டில் அவளைப் பற்றி இருப்பது சில வரிகள்தான், ஆனால் நாட்டு நிர்வாகத்தில் பெரும்பகுதியை நீல்ஸ் அவள் கையில் விட்டிருந்தார் என்பது தெரிகிறது. அந்தக் காலத்து டென்மார்க் காசில் மார்கரெட்டா, நிகலாஸ் என்று இரண்டு பெயரும் இருக்கிறது. நிகலாஸ் என்றால் நீல்ஸ்தான். அவள் பெயர் முதலில்! என் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சமாதானப் பெண் என்பது மற்றவர்கள் வைத்த பெயர், காசில் இருப்பது அவளுடைய பெயர்.

அப்பா வழிச் சொத்தைக்கூட அவள் முழுவதும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, சகோதரன் மகள் இங்ரிட்டுக்கும் சகோதரி மகள் இங்கபோர்குக்கும் பங்கு கொடுத்தாள். நம் ஊர் முறையில் ஒருத்திக்கு அத்தை, இன்னொருத்திக்குப் பெரியம்மையோ சித்தியோ. இரண்டு பேரையும் டென்மார்க் அரச குடும்பத்திலேயே கல்யாணம் செய்து வைத்ததும் அவள்தான். இங்கபோர்கின் கணவன் க்னுட், நீல்ஸின் அண்ணன் மகன்.

1130-இல் மார்கரெட்டா இறந்தாள். மறு ஜனவரி 7 அன்று அவள் பெற்ற மகன், அவன் பெயரும் மாக்னுஸ், அரசாட்சிப் போட்டியில் அதே க்னுட்டைக் காட்டுக்குள் வைத்துக் கொன்றான். இங்கபோர்க் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. ஏழாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது, இங்கபோர்க் தன் தாத்தா பெயரையொட்டி அவனுக்கு வால்டெமார் என்று பெயர் வைத்தாள்.